மேலே இருப்பவர் அசையக்கூடாது

1954 ஆகஸ்ட் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தில் வரப்பு உடைந்து தண்ணீர் பாய்கிறது, கட்ட ஆளில்லை. விறகு ஈரம், தீப்பெட்டியும் ஈரம். வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பினேன். முழுப் பொய் இல்லை.

தபால்காரர் எங்கள் வாசலைத் திரும்பிப் பார்க்காமலே போனார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கார்டு வர வேண்டும். 'பெட்டி வந்து சேர்ந்தது' என்று ஒரே ஒரு வரி. அது வந்தால் சா. மலையைத் தாண்டி மதராஸ் ராஜ்யத்துப் பக்கம் இறங்கிவிட்டார், இங்கத்திய போலீசுக்கு அங்கே வேலையில்லை. அவருடைய சித்தப்பா மகன் எழுதிப் போடுவதாக ஏற்பாடு.

சா. என்றால் என் வீட்டுக்காரர் சாமுவேல். இனி இப்படியே எழுதலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். ஏட்டு கையில் இந்த நோட்டு கிடைத்தால் சா. யாரென்று கண்டுபிடிக்க அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகையும் வந்தது.

எங்கள் தமிழ்ப் பகுதியை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று பாறசாலையில் ஊர்வலம் போன அன்று சா. முன்வரிசையில் இல்லை. தட்டி பிடித்திருந்த தையல்காரருக்குக் கை கடுத்தது. சா. உயரம், வாங்கிப் பிடித்தார். தட்டி பிடித்தவனெல்லாம் தலைவன் என்று போலீஸ் நினைப்பு. தெற்கே துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு வீடு வீடாகத் தேடல். கொண்டுபோனவர்களை அடிக்கிறார்கள் என்று எல்லாரும் தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள்.

கோழி இரண்டைக் காணவில்லை.

ஆகஸ்ட் 17, செவ்வாய்

ஏட்டு வந்தார். குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. அலமாரி, நெல்லுப் பத்தாயம், கட்டிலடி எல்லாம் பார்த்தார். சுவரில் மாட்டியிருக்கும் படத்தின் முன் நின்றார். தேக்கடியில் எடுத்தது. நான் சேலைக்கு அடியில் கான்வாஸ் ஷூ போட்டிருப்பேன்.

"டீச்சரும் மல கயறுமோ?" என்றார். ஏறுவேன் என்றேன். எந்தெந்த மலை என்று கேட்டார். மருந்துவாழ்மலை, முக்குன்னிமலை, பொன்முடி என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னேன். அகத்தியமலையைச் சொல்லவில்லை. அவர் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார் என்று தோன்றியது.

போகும்போது எதிர்க் கடைத் திண்ணையில் ஒரு போலீஸ்காரனை உட்கார்த்திவிட்டுப் போனார். அவன் எங்கள் வாசலைப் பார்த்தபடி கப்பலண்டிக் கடலையை உடைத்துத் தின்கிறான்.

சாயங்காலம் சா.வின் அக்கா எஸ்தர் மைனி வந்தாள். நாங்கள் மலை ஏறத் தொடங்கின வருடத்திலிருந்து மைனிக்கு எங்கள்மேல் கோபம். பிள்ளை இல்லாததற்கும் மலைதான் காரணம் என்பாள். இன்றைக்கும் விடவில்லை. "மனுசனுக்கு ஓடி ஒளிய ஒரு வீடு கெடைக்காதா? மலையில கொண்டு பழக்கினது நீயாக்கும்."

பழக்கினது அவர்.

ஆகஸ்ட் 18, புதன்

ஆவணி பிறந்தும் மழை விடவில்லை. கார்டு இல்லை.

பள்ளிக்கூடம் போனேன். ஐந்தாம் வகுப்புக்கு நதிகள் பாடம். நெய்யாறு எங்கே உற்பத்தியாகிறது என்று கேட்டேன். பிள்ளைகள் சேர்ந்து 'அகத்தியமலை' என்று கத்தினதைக் கேட்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வழி எனக்குத் தெரியும். ஒற்றசேகரமங்கலம் வரை பஸ். அப்புறம் நடை. ஆற்றைக் கடந்தால் காணிக்குடி, மலைவாசிகளான காணிக்காரர்களின் ஊர். குடிக்கு மேலே ஈற்றை மூங்கில் காடு, யானைத்தடம், ஓடைகள், அதற்கும் மேலே ஒரு பெரிய பாறை, குடைபோலக் கவிந்தது, அடியில் நாலு பேர் படுக்கலாம். பாறைக்கு மேலே பெண்கள் போகக்கூடாது, காணிக்காரர்களின் கட்டுப்பாடு. நாங்கள் போன தடவையெல்லாம் நான் பாறையடியிலேயே இருந்துவிடுவேன். சா. உச்சிக்குப் போய்விட்டு வந்து என்ன கண்டார் என்று சொல்வார். கடல் தெரிந்தது என்பார். ஒரு தடவை, ஒன்றும் தெரியவில்லை, உன் குரல் மட்டும் கேட்டது என்றார். நான் கூப்பிடவேயில்லை.

கோடையில்தான் போவோம். இந்த மழையில் காணிக்காரர்களே மேலே போகமாட்டார்கள்.

சா. கொண்டுபோனது: அவல், கருப்பட்டி, கம்பிளி ஒன்று, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை ஒரு சிறு குப்பி. கத்தியை மறந்துவிட்டுப் போனார். அது அடுக்களையில் என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

ஆகஸ்ட் 20, வெள்ளி

கார்டு இல்லை. தபால்காரர் இன்று நின்றார். "ஒண்ணும் இல்ல டீச்சரே, இருந்தா நான் தராம இருப்பேனா" என்றார். நான் கேட்கவே இல்லை. முகத்தில் எழுதியிருக்கிறது போலும்.

பாறைக்கு அப்பால் கணவாய்ப் பக்கம் ஓடை பெருகினால் கடக்க முடியாது. கால் வழுக்கியிருந்தால். யானை. பாம்பு. இல்லை, பிடித்துவிட்டார்கள், என்னிடம் சொல்லவில்லை. அப்படியென்றால் இவன் ஏன் இன்னும் எதிர்த் திண்ணையில்? அவன் அங்கே இருப்பதில் எனக்கு ஒரு ஆறுதல். என்ன ஆறுதல் இது. காலையில் கதவைத் திறந்ததும் அவன் தொப்பியைத்தான் தேடுகிறேன்.

ஜெபிக்க வரவில்லை. 'ஆண்டவரே' என்பதற்கு அடுத்த வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 21, சனி

காணிக்குடியிலிருந்து மல்லன் காணி வந்தார். எப்போதும்போல மூங்கில் குற்றியில் தேன். போலீஸ்காரன் கூப்பிட்டு உள்ளங்கையில் ஊற்றச் சொல்லி நக்கிப் பார்த்து, நல்ல தேன் என்று அனுப்பினான்.

அடுக்களைப்புறத்தில் குப்பியில் தேனை ஊற்றிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "சாரு போகல்ல. பாறையடியிலதான் கெடக்காரு. காய்ச்சலாக்கும்."

குப்பி நிறைந்து வழிந்தது.

ஏன் தாண்டிப் போகவில்லை என்று கேட்டேன். காய்ச்சல் வரும் முன்பே கணவாய் வரை கொண்டுவிடுவதாக மல்லன் சொன்னாராம். வேண்டாம் என்றாராம். கீழே குடிக்காவது வரச் சொன்னாராம், அதற்கும் இல்லை.

"பொண்டாட்டி பின்னால வாறா, அவ வராம நான் அசையப்பிடாதுன்னு ஒரே சொல்லு. நீங்க வாறதா சொன்னியளா டீச்சரே?"

சொன்னேன்.

அவர் போன அன்று காலை, முன்வாசலில் ஜீப் சத்தம். அவர் பின்வாசலில் பையோடு நிற்கிறார், போகமாட்டேன் என்கிறார், என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லை. நான் முதுகைப் பிடித்துத் தள்ளினேன். "நீங்க போங்க, நான் பின்னால வாறேன்."

எந்த மலையிலும் நான் சொல்வது இதுதான். அவர் கால் நீளம், எனக்கு மூச்சு வாங்கும். நீங்க போங்க, நான் பின்னால வாறேன். மகேந்திரகிரியில் ஒருமுறை மூடுபனியில் பிரிந்துபோய், அவர் என்னைத் தேடி இறங்க, நான் அவரைத் தேடி ஏற, ஒரே பாறையைச் சுற்றிச் சுற்றி இருவரும் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டோம். அதற்குப் பிறகு ஏற்படுத்திய சட்டம்: மேலே இருப்பவர் அசையக்கூடாது, கீழே இருப்பவர்தான் ஏறி வரவேண்டும். கல்யாண உடம்படிக்கையைவிட ஒழுங்காகக் காத்து வந்தோம்.

அவரை அனுப்ப வாயில் வந்ததைச் சொன்னேன். அவர் அதை நம்பி, நான் எட்டக்கூடிய கடைசி இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

குடியில் உள்ளவர்கள் தூக்கிவர முடியாதா என்று கேட்டேன். வனக்காவலர்கள் வந்து மிரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், யாராவது இடம் கொடுத்தால் குடிசைகளைப் பிரித்துப் போடுவார்களாம். மல்லன் ஒருவர்தான் ஒளிந்து போய்க் கிழங்கு வேகவைத்துக் கொடுக்கிறார். அதையும் நேற்றிலிருந்து தின்னவில்லை. "நடக்க ஒக்காது டீச்சரே. ரெண்டு நாளு தாங்குவாரு. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

ஆகஸ்ட் 22, ஞாயிறு

வேதக்கோவிலுக்குப் போனேன். சிறையில் இருப்பவர்களுக்காகப் போதகர் ஐயர் ஜெபித்தார். மலையில் இருப்பவர்களுக்காக யாரும் ஜெபிக்கவில்லை.

நான் தனியாகப் போகலாம். எதிர்த் திண்ணைக்காரன் பின்னால் வருவான். அவனை ஏமாற்றிவிட்டுப் போனாலும், போய் என்ன செய்வேன்? ஆறடி மனிதரை நானும் மல்லனும் பெருகின ஆற்றில் எப்படிக் கொண்டுவருவது? பக்கத்தில் உட்கார்ந்து சாகிறதைப் பார்க்கலாம். ஊர் ஆண்களைக் கூப்பிடலாம். பாதிப்பேர் ஒளிந்திருக்கிறார்கள், மீதிப்பேர் மேலே போலீஸ் கண் இருக்கிறது.

இந்தத் தாலுகாவில் இன்றைக்குப் பயமில்லாமல் காட்டுக்குள் போகக்கூடிய, கயிறும் வண்டியும் வைத்திருக்கிற, தோளில் பலமுள்ள ஆண்கள் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள்.

இதை எழுதிவிட்டுப் பார்த்தேன். என் கையெழுத்துதான்.

மைனியிடம் சொன்னேன். மைனி வெகுநேரம் அரிசியில் கல் பொறுக்கினாள்.

"காட்டிக்குடுத்தவளுன்னு சொல்லுவாங்க. நீ செத்தாலும் ஒரு ஆளு வரமாட்டான்."

"வரண்டாம்."

"அவனே உன்ன மன்னிக்கமாட்டான், கேட்டியா."

தெரியும் என்றேன்.

மறுபடியும் கல் பொறுக்கினாள். அப்புறம் சொன்னாள்: "எனக்கு ஒரு தம்பிதான் உண்டு. ஜெயில்ல கெடந்தா நடந்துபோய் மொகத்தப் பாக்கலாம். போ மக்கா."

மைனி என்னை மக்கா என்று கூப்பிடுவது இதுவே முதல் தடவை.

ஆகஸ்ட் 23, திங்கள்

ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் இளவயது. உட்காரச் சொல்லவில்லை. நான் சொன்னேன்: வழி காட்டுகிறேன், நாலு ஆள் வேண்டும், கயிறு வேண்டும், சுமக்கக் கம்பும் கம்பிளியும் வேண்டும், என் கண் முன்னால் அடிக்கக்கூடாது. அவர் சிரித்தார். நிபந்தனை வேறா என்று மலையாளத்தில் கேட்டார்.

பிறகு பெயர்களைக் கேட்டார். யார் சோறு கொடுத்தது? யார் உனக்குச் சேதி சொன்னது? அங்கே வேறு யார்? யாரும் இல்லை, எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, அதை வைத்து எனக்குத் தெரியும் என்றேன். நம்பவில்லை. அப்படியென்றால் போகவேண்டாம், தானாக இறங்கி வரட்டும் என்றார். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டேன். கெஞ்சினேன் என்றுதான் எழுதவேண்டும். பெயர் மட்டும் சொல்லவில்லை. எத்தனை நேரம் சொல்லாமல் இருந்திருப்பேன் என்று தெரியாது.

ஏட்டுதான் பேசினார். "சாரே, ஆ மனுஷ்யன் அவிடெக் கிடந்து செத்தால் பின்னெ நமுக்கா பாடு." செத்தால் நமக்குத்தான் தொல்லை. அது இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது.

ஷூவைத் தேடி எடுத்தேன். ஒன்றில் எலி குட்டி போட்டிருந்தது.

ஆகஸ்ட் 25, புதன். காணிக்குடி

விளக்கு இல்லை, அடுப்பு வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

நேற்று ஆற்றைக் கயிறு கட்டிக் கடந்தோம். ஏட்டுக்கு மூச்சிரைப்பு, அட்டையென்றால் பயம் வேறு. புகையிலைத் தண்ணீரைக் காலில் பூசிக்கொள்ளச் சொன்னேன். போலீஸ்காரர்கள் என்னைப் பார்த்து ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தவர்கள், ஈற்றைக் காட்டில் பேச்சை நிறுத்திவிட்டார்கள். குடியில் மல்லன் என்னைத் தெரியாதவர் மாதிரி நின்றார். நானும் அவரைத் தெரியாதவள் மாதிரி நின்றேன்.

இன்று முன்னால் நான்தான் நடந்தேன். கடைசி ஏற்றத்தில் கூப்பிடாமலே ஏறினேன்.

பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். தாடி. கம்பிளிக்குள் முழங்கால் மட்டும் தெரிந்தது. என்னைக் கண்டதும் ஆச்சரியப்படவே இல்லை.

"வந்தியா," என்றார். நனையாத இடத்தை எனக்கு விட்டு, கையை ஊன்றி அந்தப் பக்கம் நகர்ந்தார்.

அப்புறம் என் தோளுக்கு மேலே தொப்பிகளைக் கண்டார்.

ஏட்டு விலங்கைப் பையிலிருந்து எடுத்தார், அவரைப் பார்த்தார், திரும்பப் பையில் போட்டார். கம்பிளியைக் கம்பில் கட்டித் தூக்கினார்கள். வழி முழுவதும் கண்ணை மூடியிருந்தார். தூக்கம் இல்லை. தூங்கினால் அவருக்கு வாய் திறந்துகொள்ளும்.

ஆகஸ்ட் 27, வெள்ளி

ஆஸ்பத்திரி. வாசலில் காவல். கடும் மலேரியா, நெஞ்சில் சளி, இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று டாக்டர் சொல்லி நிறுத்திக்கொண்டார். உடம்பு தேறியதும் லாக்கப்புக்குக் கொண்டுபோவார்கள். அங்கே என்ன செய்வார்கள் என்று ஏட்டிடம் கேட்டேன். அவர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடத்தில் என் நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டிருக்கிறார்கள். பால்காரி இரண்டு நாளாக வரவில்லை. தையல்காரர் வழியில் என்னைக் கண்டதும் காறித் துப்பினார், எனக்குச் சற்றுத் தள்ளித்தான்.

நேற்று முழுவதும் சா. சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தார். இன்று கஞ்சி கொண்டுபோனேன். திரும்பவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து கஞ்சியைக் கிண்டிக்கொண்டே இருந்தேன், ஆறிப்போயிற்று.

சுவரைப் பார்த்தபடியே கேட்டார்: "எத்தன பேருக்க பேரு சொன்னே?"

"உங்க பேரு மட்டும்."

"மல்லன்?"

"சொல்லல்ல."

காவல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சா. மெதுவாக இந்தப் பக்கம் புரண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பாத்திரத்தைத்தான் பார்த்தார். எழுந்து உட்காரப் பிடித்துக்கொடுத்தேன். பிடிக்க விட்டார். ஒரு வாய் குடித்தார்.

"உப்பு இல்ல," என்றார்.

அடுத்த கட்டிலில் கேட்டு வாங்கி வந்தேன்.