ரெட்டைப் பட்டக்காரிக்கு

இன்று மதியம் எங்கள் கம்பெனியில் ஒரு மோட்டார் புகைந்துவிட்டது. கம்பிச் சுருளில் பூசின வார்னிஷ் கருகுகிற அந்த வாடை உனக்குத் தெரியும். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போக, நான் மட்டும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். "இன்னாம்மா, வேடிக்கை பாத்துகினு நிக்கிற?" என்று சூப்பர்வைசர் அதட்டினார். காலேஜ் லேபுக்குப் போய் உன்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

போனவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். எனக்கு அது வராது. உன்மேல் எனக்குப் பொறாமை. நீ இருந்தபோதும் பொறாமை, நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் பொறாமை. எல்லோருக்கும் நீ நல்ல பெண். எனக்கு நீ என் வயிற்றெரிச்சல். அதை மறைத்து எழுதினால் நீயே சிரிப்பாய்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரப் படிப்பு என் யோசனை. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி ஓடுகிற பெல்ட்டில் என் அப்பாவுக்குக் கான்ட்ராக்ட் வேலை. எத்தனை தடவை குளித்தாலும் காது மடலில் கரி ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவு கரியும் எரிந்து எங்கே போகிறது என்று படித்தே தீருவது என்று பத்தாவதிலேயே முடிவு செய்தவள் நான். நீ அதுவரை எதையும் முடிவு செய்யவில்லை. கவுன்சிலிங்குக்கு நான் கம்ப்யூட்டரில் காலேஜ் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டே, "எனக்கும் அதையே போட்டுடு மே" என்றாய். அவ்வளவுதான் உன் லட்சியம். எர்ணாவூர் குடியிருப்பில் ஒரே பிளாக், ஒரே மாடிப்படி, அப்புறம் ஒரே காலேஜ், ஒரே வகுப்பு. முதல் மாதம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகுதான் பொருளாதாரம் வந்தது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று விதி வந்துவிட்டதை யாரோ பஸ்ஸில் பேசிக்கொண்டு போக, நீ காதில் வாங்கிக்கொண்டாய். அடுத்த வாரமே அஞ்சல் வழியில் பி.ஏ. சேர்ந்துவிட்டாய். வாரத்தில் ஆறு நாள் இன்ஜினியரிங், ஞாயிற்றுக்கிழமை பொருளாதார வகுப்பு. உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டேன். சின்ன வயதிலிருந்து லீவு நாளில், மீன் விற்கிற உன் அம்மாவோடு காசிமேட்டு ஏலத்துக்குப் போகிறவள் நீ. அதே கூடை, அதே மத்தி, நாலு படகு சேர்ந்தாற்போல் கரைக்கு வந்தால் விலை பாதியாகிவிடுகிறது. அது ஏன் என்று உனக்குத் தெரிந்தே ஆக வேண்டுமாம். கரியைப் பார்த்து எனக்கு ஒரு கேள்வி வந்தது. உனக்குக் கரியைப் பார்த்தும் கேள்வி, மீனைப் பார்த்தும் கேள்வி. என் கேள்வியையும் எடுத்துக்கொண்டு உன்னுடையதையும் வைத்துக்கொண்டாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்த பஸ்ஸை நினைத்துப் பார். உனக்கு எப்படியோ ஜன்னலோர சீட் கிடைத்துவிடும். போகும்போது பொருளாதாரம், வரும்போது மின்சாரம் என்று பங்கு பிரித்து வைத்திருந்தாய். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், என் பை உன் மடியில், கையில் நம் இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பை. "இந்தப் பொண்ணு ஒண்ணும் படிக்கலியா?" என்று ஒரு நாள் கண்டக்டர் என்னைக் காட்டி உன்னிடம் கேட்டார். நீ தலையைத் தூக்காமலேயே, "அவ மனசுலயே படிச்சிடுவா சார்" என்றாய். அன்றைக்கு உன் சாப்பாட்டில் பாதியை நான் தின்றுவிட்டேன்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? "அவளப் பாரு, ரெண்டு படிக்கிறா. உனுக்கு ஒண்ணுக்கே மூச்சு வாங்குது" என்று என் அம்மா. சொல்லிவிட்டு ஆம்லெட்டை உன் தட்டில் போடுவாள். நீயும் வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்ல மாட்டாய். நுண்பொருளியலில் எழுபத்தொன்று வாங்கிவிட்டு பிளாக் முழுக்க, தண்ணீர் லாரிக்காரர் வரைக்கும், சொல்லிக்கொண்டு திரிந்தாய். கடைசியாக என்னிடம் வந்து, "எரியுதா?" என்றாய். எரிகிறது என்றேன். "அப்ப சரி" என்று திருப்தியாகப் போய்விட்டாய். ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் அது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மற்றவர்கள் வாழ்த்துச் சொன்னால் உனக்குப் போதாது, நான் எரிகிறேன் என்று சொன்னால்தான் உனக்குப் பாஸ் ஆன மாதிரி.

ஒரே ஒரு வாரத்தில் இரண்டு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். உன் இரண்டு படிப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்ட வாரம் அது. பொருளாதாரத்தில் கிராஃப் போட்டால் விலையை, நிற்கிற நெட்டுக்கோட்டில்தான் போடுவார்கள். நம் படிப்பில் எதை நாமாக மாற்றுகிறோமோ அது படுக்கைக்கோட்டில் போகும். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நீ இன்ஜினியராக மாறி விலையைப் படுக்கப் போட்டுவிட்டாய். இதுகூடத் தெரியாமல் எதற்கு வருகிறாய் என்று அங்கே திட்டு. செவ்வாய்க்கிழமை லேபில் மோட்டாருக்கு லோடு ஏற்றி கிராஃப் போடும்போது, அந்தத் திட்டு மனசில் இருந்ததோ என்னவோ, லோடை நெட்டுக்கோட்டில் ஏற்றிவிட்டாய். மோட்டாருடைய திறன் கோடு பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கிடந்தது. சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தன் தலையையே சாய்த்துப் பார்த்தார். வகுப்பே சிரித்தது. எல்லோருக்கும் மேலே நான் சிரித்தேன். கேன்டீனில் சமோசா வாங்கித் தின்று கொண்டாடினேன், உனக்கும் ஒன்று வாங்கித் தந்தேன்.

ஆனால் பஸ்ஸில் வரும்போதே அந்தச் சந்தோஷம் போய்விட்டது. அப்படி ஒரு தப்பு எனக்கு வரவே வராது. ஒரு படிப்பு மட்டும் படிக்கிறவளால் அதைச் செய்ய முடியாது. இரண்டு வீட்டிலும் புழங்குகிறவள்தான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வருவாள். உன் தப்பின்மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது, போதுமா? அதற்கப்புறம் நீ கிராஃப் தாளை எடுத்தாலே, "இன்னிக்கு யாரு வூடு? கரண்டு வூடா, காசு வூடா?" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டுதான் பென்சிலை வைப்பாய். அது வகுப்பு முழுக்கப் பரவி, பொருளாதாரம் என்றால் என்னவென்றே தெரியாத பசங்களும் அப்படிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

கடைசி வருஷ பிராஜெக்டுக்கு வருகிறேன். ஐஸ் கம்பெனிக்கு ஒரு கன்ட்ரோல் பேனல் செய்தோம். மின்சாரம் மலிவாகக் கிடைக்கிற நேரத்தில் கம்ப்ரசரை ஓட்டி, விலை ஏறுகிற நேரத்தில் நிறுத்திவைக்கிற பேனல். எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்ற கணக்கு உன்னுடையது. பேனல் என்னுடையது. ஒவ்வொரு ஒயரும் நான் இழுத்தது, ஒவ்வொரு ரிலேவும் நான் பொருத்தியது. சால்டரிங் சூடு பட்ட தழும்பு இன்னும் என் ஆள்காட்டி விரலில் இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கு வேறு காலேஜிலிருந்து வந்தவர், இதற்கு ஏன் ஐஸ் கம்பெனியைப் பிடித்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேசிவிட்டாய். வீட்டில் பேசுகிற அதே தமிழில்.

"மீன ஐஸ்ல வெச்சி நாளிக்கு விக்கலாம் சார். கரண்ட வெக்கத்தான் பொட்டி கெடியாது. அதனால ராத்திரில கரண்டு மலிவா கீறப்பவே ஐஸா ஆக்கி வெச்சிக்கிறோம். அந்த ஐஸுதான் சார் கரண்டு பொட்டி."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்புறம் கேள்வியெல்லாம் உன்னிடம்தான். என்னிடம் ஸ்விட்ச் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று ஒன்று கேட்டார், சொன்னேன், குட் என்றார். "பேனல் முழுக்க இவ கட்னது சார், நா ஒரு ஸ்க்ரூகூட திருவல" என்று நீ சொன்னாய். அவர் வீட்டு மூலையில் நிற்கிற பீரோவைப் பார்க்கிற மாதிரி பேனலை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடியும் உன் பக்கம் திரும்பிவிட்டார். நீ வாய்விட்டு என்னைப் புகழாமல் இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அன்றைக்கு டோல்கேட் வருகிற வரைக்கும் நான் உன்னோடு பேசவில்லை. நீ என் கையைப் பிடித்து, தழும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீ கட்டலன்னா நா பேசி இன்னா ஆவப்போது? வெறும் வாயி" என்றாய். அந்த வெறும் வாய்க்குத்தானே அவர் பேனாவை வைத்தார் என்றேன். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தாலும் வரவில்லை.

எனக்குத் திருவொற்றியூரில் இந்த மோட்டார் கம்பெனி. உனக்கு ஊருக்குள்ளே கண்ணாடிக் கட்டடத்தில், மின்சாரத்தை வாங்கி விற்கிற கம்பெனி. இரண்டு பட்டமும் இருக்கிற ஆள்தான் வேண்டும் என்று கேட்டார்களாம். நாலு மாதம் போனாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தயிர் வாங்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாய். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி திரும்பியிருக்கிறது. அவ்வளவுதான். ரெண்டு பட்டம் படித்த கழுதைக்கு லாரி திரும்பும்போது பின்னால் நிற்கத் தெரியவில்லையே என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். போய்ச் சேர்ந்தபோது திட்டுவதற்கு நீ இல்லை.

உன் சாவுக்கு இரண்டு கூட்டம் வந்தது. இன்ஜினியரிங் கூட்டம் ஒரு பக்கம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒரு பக்கம். ஒருவரையொருவர் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள். என் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, என் பொண்ணே என் பொண்ணே என்று உன்னைச் சொல்லி அழுதாள். பக்கத்தில்தான் நான் நின்றேன். அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது. இப்படி ஒரு பிறவி.

மூன்றாம் மாதம் நானும் பொருளாதாரத்தில் சேர்ந்தேன். உன் நினைவாகப் படிக்கிறேன் என்று பிளாக்கில் எல்லோரும் சொல்கிறார்கள், என் அம்மா அதைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள். நினைவும் இல்லை, ஒன்றும் இல்லை. உன்னை ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். நீ எழுதின அதே பரீட்சையை எழுதி, உன்னைவிட ஒரே ஒரு மார்க் கூட வாங்க வேண்டும். ஷிஃப்டு முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கிறேன். என் பையை வாங்கி வைத்துக்கொள்ள ஆள் கிடையாது. காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு படிக்கிறேன். விலையை நெட்டுக்கோட்டில்தான் போட்டேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

போன வியாழக்கிழமை ரிசல்ட். நுண்பொருளியல், அறுபத்தெட்டு.

போனை ஆஃப் செய்துவிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன். உன் அம்மா உட்கார்ந்திருந்தார். நீ போனதிலிருந்து அவர் மீன் விலையைத் தவிர வேறு பேசுவதில்லை. கேட்டால் விலை சொல்வார், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. பக்கத்துக் கடை அக்கா சாப்பாடு வாங்கி வைத்தாலும் அப்படியே இருக்கும். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன். யார் சொன்னார்களோ, பரீட்சை என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அறுபத்தெட்டு அத்த."

நான் சொல்லி முடிக்கவில்லை. "எம்பொண்ணு எயுபத்தொண்ணு" என்றார்.

கண் நேராக என்னைப் பார்த்தது. பக்கத்துக் கடை அக்காவைக் கூப்பிட்டார். "பாத்தியாக்கா, இதே பரிச்சதான். எம்பொண்ணு எயுபத்தொண்ணு. இவளும் நல்லா படிக்கிறவதான், ஆனா அவ மேரி வருமா?" என்றார். அந்த அக்கா மூன்றாவது கடைக்குச் சொன்னார். உன் அம்மா சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். நான் தோற்றதற்கு ஆறுதலாக இரண்டு கை நெத்திலியை அள்ளிப் பையில் போட்டு, தலையைத் தடவி, "அடுத்த தபா நல்லா படி" என்று அனுப்பி வைத்தார். அன்றைக்கு அவர் சோறு தின்றாராம், சாயங்காலம் அந்த அக்கா சொன்னார்.

நான் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எரிந்துகொண்டு வந்தேன். நெத்திலியைக் கழுவும்போது அழுதேன். நீ போன அன்றைக்குக்கூட நான் அழவில்லை. மூன்று மார்க்குக்கு அழுதேன்.

பொறாமை போய்விட்டதா என்று நினைக்காதே. அது பத்திரமாக இருக்கிறது. உன்னிடமிருந்து எனக்கு வந்தது அது ஒன்றுதான், அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். அடுத்தது பேரியல் பொருளாதாரம், நீ அதில் அறுபத்திரண்டுதான். உனக்கே பிடிக்காத பேப்பர். இந்தத் தடவை உன்னைத் தாண்டிவிடுவேன், தெரிகிறது, புத்தகத்தைத் தொட்டாலே தெரிகிறது. தாண்டத்தான் போகிறேன். காலேஜ் நண்பர்களுக்குச் சொல்வேன், என் அம்மாவுக்குச் சொல்வேன், கம்பெனியில் சூப்பர்வைசருக்குக்கூடச் சொல்வேன்.

உன் அம்மா கேட்டால் மட்டும் அறுபத்தொன்று என்றுதான் சொல்வேன்.