நாற்பத்தொன்றாம் நாள் திறந்த கதவு

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். ஊர்க்கதை எல்லாம் பேசும் நீ, நலமா என்று கேட்டால் மட்டும் நலம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய், அதனால் சாப்பிட்டாயா, தூங்கினாயா, தலைவலி விட்டதா என்று தனித்தனியாகக் கேட்கிறேன், தனித்தனியாகப் பதில் எழுது. அம்மாவுக்கு மூட்டுவலி, மாடி ஏற முடியாது என்கிறாள், ஆனால் மேல்வீட்டுத் தையல்காரம்மா கூப்பிட்டால் மட்டும் எப்படியோ ஏறிவிடுகிறாள். அண்ணனுக்கு பஸ் டிப்போவில் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது.

நீ போனில் சொன்னதை நான்கு முறை காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டேன், இன்னும் பிடிபடவில்லை. விண்வெளியில் ஆட்கள் நெடுநாள் தங்க வேண்டுமானால் சாப்பாட்டுக்கும் மூச்சுக்கும் பயிர்தான் கதி, அதைத் தரையிலேயே சோதித்துப் பார்க்க உங்கள் நாலு பேரையும் கோதுமை, உருளைக்கிழங்கு, கீரையோடு ஓர் அறைக்குள் தொண்ணூறு நாள் அடைத்தார்கள், வெளிக்காற்று துளியும் உள்ளே வரக்கூடாது, இதுவரை சரிதானே? முப்பத்திரண்டு வருஷம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றியவன் நான். மூச்சு என்றால் எனக்கு இரும்பு, வால்வு, அளவு காட்டும் முள். கோதுமைக்கு விளக்குப் போட்டால் மூச்சு வரும் என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? மூன்று பூந்தொட்டிகளை எடுத்துக்கொண்டு சாமான் அறையில் கதவைச் சாத்தி அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், வியர்த்ததுதான் மிச்சம், அம்மா வந்து கதவைத் தட்டி, இந்த வயசுல உனக்கு ஏன் இந்த வேலைன்னு சத்தம் போட்டாள். பழைய ஆஸ்பத்திரிக்கே போய் மயக்க மருந்து டாக்டரைக் கேட்டேன். நாம விடற காத்தைச் செடி வாங்கிக்கும், வெளிச்சம் இருந்தா நல்ல காத்தைத் திருப்பிக் குடுக்கும், ஆனா மூணு தொட்டி எந்த மூலைக்குங்க, ஒரு ஆளுக்கு ஒரு அறை நிறைய பயிர் வேணும்னு சிரித்தார்.

அதுவரை புரிந்தது. அப்புறம்தான் குழப்பமே. உருளைக்கிழங்குக்கு வேர் அழுகல் வந்து பாதிப் பயிரைப் பிடுங்கி எறிந்தாய், காற்று கெட ஆரம்பித்தது, ஆனாலும் காற்றை அளக்கும் மீட்டர் ஆபத்து எல்லையைத் தாண்டவில்லை, கீரைக்கு இன்னும் விளக்கைக் கூட்டினால் சமாளித்துவிடலாம் என்று வெளியே இருந்தவர்கள் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் உங்களோடு இருந்த பைப் இன்ஜினீயர் உன்னை அவர் தங்கை பேர் சொல்லிக் கூப்பிட்டார், ஒரே திருகை மூன்று தடவை முடுக்கினார். கெட்ட காற்றில் அவருக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைத்து, நீ யாரையும் கேட்காமல் போய்க் கதவைத் திறந்துவிட்டாய். நாற்பத்தொன்றாம் நாளோடு சோதனை முடிந்தது, நாலு வருஷ உழைப்பு போச்சு, அப்பா, விசாரணை வைக்கப் போறாங்க, அதுக்கு முன்னாடி நான் ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாய். நீ பேசாமல் இருந்தது எனக்குப் புதிது, நான் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.

நாலு பிள்ளைங்களும் உசிரோட வெளிய வந்துட்டாங்க, இதுக்குப் போய் ஏன் அழறா என்கிறாள் அம்மா. மீட்டர் சரியாத்தானே காட்டுச்சு, இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமே என்கிறான் அண்ணன். அவள் பேசும்போது அவள் சொல்வது சரி, இவன் பேசும்போது இவன் சொல்வது சரி.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஒரு அம்மாளுக்கு வைத்த சிலிண்டரில் முள் பாதிக்கு மேல் காட்டியது, ஆனால் அவருடைய உதடு எனக்குப் பிடிக்கவில்லை, நீலம் பாய்ந்த மாதிரி இருந்தது. ஆபரேஷன் நடுவே யாரையும் கேட்காமல் சிலிண்டரை மாற்றினேன். முள்ளை நம்பாம உன் கண்ணை நம்புவியா என்று எல்லார் முன்னாலும் பெரிய டாக்டர் திட்டித் தீர்த்தார். கழற்றிய சிலிண்டரைச் சோதித்தார்கள், ஒரு கோளாறும் இல்லை. அப்படியானால் நான் செய்தது தப்பா, உதடு நீலமானது விளக்கு வெளிச்சத்தாலா, இன்றுவரை எனக்குத் தெரியாது. எட்டாம் நாள் அந்த அம்மாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனார். அது மட்டும் தெரியும். மறுநாள் காலையில் நானும் வேலைக்குப் போனேன்.

உன் ஆராய்ச்சிக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை, விசாரணைக்குப் போய் நடந்ததை நடந்தபடி சொல். அதற்கு முன்னால் ராஜினாமா எழுதாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் பயிரும் தழைக்க வேண்டும், அம்மாவும் இதையே சொல்லச் சொன்னாள். மறக்காமல் ஒன்றைப் பார்த்து எழுது. அந்தக் கதவுக்கு உள்பக்கமும் கைப்பிடி இருப்பதால்தானே திறக்க முடிந்தது? அடுத்த அறை கட்டும்போதும் அதை வைக்கச் சொல்.

ஒன்றும் புரியாமல், ஆனால் உன் பக்கத்தில்,
அப்பா