மரியாதைக்கு ஒரு ‘ஃபார்’

சங்கரன்கோவில், ஆவணி, வெள்ளி இரவு.

பள்ளி ஆண்டு விழா முடிந்தது. தாளாளர் முகத்தில் இனி ஒரு மாதத்துக்கு விழிக்காமல் இருந்தால் நல்லது. ஆனால் நாளைக்கே விழிக்க வேண்டும்.

அழைப்பிதழில் ‘வருகையை வேண்டுகிறோம்’ என்று அர்த்தம் வரும் இங்கிலீஷ் வரி. அதில் ‘ரிக்வெஸ்ட்’டுக்குப் பின்னால் ‘ஃபார்’ வராது என்று சிவப்பு மையில் அடித்துக் கொடுத்தவள் நான். திரும்பவும் சேர்த்தவர் தாளாளர். “ஃபார் இல்லன்னா அதட்டிக் கூப்பிடுத மாதிரி இருக்கு டீச்சர். மரியாதைக்கு ஒண்ணு கெடக்கட்டும்” என்றார். பந்தியில் இன்னொரு அப்பளம் வைக்கச் சொல்வது போலத்தான் சொன்னார்.

இன்று சிறப்பு விருந்தினராக வந்த பேராசிரியர் அந்த வரியை மேடையில் வாசித்துக் காட்டிச் சிரித்தார். பெற்றோர்களும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். உடனே தாளாளர் மைக்கை வாங்கினார்.

“நம்ம இங்கிலீஷ் டீச்சர்தான் பாத்துக் குடுத்தாங்க. எனக்கு என்னத்தத் தெரியும்?”

கையை வேறு நீட்டிக் காட்டினார். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது.

கிளம்பும்போது, ஒன்றுமே நடக்காதது போல, மகள் கல்யாணப் பத்திரிகையின் இங்கிலீஷ் பக்கத்தை நீட்டினார். “ஒரு தடவ பாத்துருங்க டீச்சர். மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் அமெரிக்கால இருக்காங்க.”

அது இப்போது என் முன்னால் கிடக்கிறது. முதல் வரியிலேயே அதே ‘ஃபார்’. சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஒரு பிழைகூட இல்லை என்று காலையில் சொல்லுவேன். மரியாதைக்கு இன்னொரு ‘ஃபார்’ சேர்த்துக்கொள்ளலாமா சார் என்றும் கேட்பேன்.