விக்கெட் விழ ஜெபித்த அம்மா

பாலவனத்தம்,
4.3.96

அன்பு ஸ்டீபன் அண்ணனுக்கு, அம்மா சொல்லச் சொல்லத் தம்பி ஜோஸ்வா எழுதுவது.

இதனால் பம்பாய்வாசியாகிய தங்களுக்கு அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுச் செவலைக் கோழி பதினாறு நாள் வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டு நேற்றுக் காலை ஒரு முட்டை இட்டிருக்கிறது. முதல்ல சுகம் விசாரிலே என்று அம்மா கரண்டியைக் காட்டுகிறாள். ஆகவே ஆண்டவர் கிருபையில் அம்மா, அப்பா, நான், கோழி நால்வரும் சுகம். நீயும் உன் வலது கையும் சுகமா?

உன் கடிதம் வேறு யாருடைய கையெழுத்திலோ வந்த அன்றுதான் கோழியும் நிறுத்தியது, அம்மாவும் சாப்பாட்டை நிறுத்தினாள். குடோனில் கூல்டிரிங்ஸ் பெட்டி விழுந்து லேசான காயம், கட்டுப் போட்டிருப்பதால் கூட்டாளி எழுதுகிறான் என்று இருந்தது. லேசான காயத்துக்கு எதுக்கு அடுத்தவன் எழுதணும், எம்புள்ளைக்குக் கையே போயிருச்சு, மறைக்கிறான் என்று ஒரே அழுகை. அதே கடிதத்தில், கம்பெனி விளம்பரம் எடுக்க ஆள் கூப்பிட்டார்கள், கட்டோடு போய் மேட்ச் பார்க்கிற கூட்டத்தில் நின்று கை தட்டினேன், உலகக் கோப்பை நடக்கும்போது டிவியில் வரும் என்றும் எழுதியிருந்தாய் அல்லவா, அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். கை தட்ட ரெண்டு கை வேணும்ல, கண்ணால பாத்தாத்தான் நம்புவேன் என்றாள்.

சனிக்கிழமை மேட்ச் பார்க்க பலசரக்குக்கடை சண்முகவேல் அண்ணாச்சி வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. வழக்கமாக விளம்பரம் வந்தால்தான் ஆட்கள் தண்ணீர் குடிக்கவும் வெளியே போகவும் எழுந்திரிப்பார்கள். அன்றைக்கு உனக்காக அண்ணாச்சி சட்டத்தை மாற்றிவிட்டார். போறவுக பந்து போடுறப்பவே போயிட்டு வந்துருங்க, விளம்பரத்துல எவனாச்சும் எந்திரிச்சீங்க, வெளியதான் என்றார். விக்கெட் விழுந்தால் விளம்பரம் வரும் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஆடுவது நம் ஆட்கள். அம்மா கண்ணை மூடி, ஆண்டவரே இவன் சீக்கிரம் அவுட்டாகட்டும் என்று சத்தமாகவே ஜெபித்துவிட்டாள். தெருவே திரும்பி முறைத்தது. ஏம்மா, நீங்க எந்த ஊருக்காரவுக என்று கேட்டார் வெள்ளத்துரை மாமா. விக்கெட்டும் விழுந்தது. விளம்பரமும் வந்தது. உன்னைக் கண்டுபிடித்த பெருமை முழுவதும் அடியேனுக்கே. கண் மூடித் திறப்பதற்குள், அந்தா நீலக் கட்டம் போட்ட சட்டை, அதுதான் எங்க அண்ணன் என்று கத்தினேன். பம்பாய்த் தண்ணியில் ஆள் சதை போட்டுட்டான், மீசைகூட அடர்ந்திருச்சு என்று தெருவே மெச்சியது. அடுத்த விக்கெட்டுக்கு மறுபடியும் வந்தது. அம்மா இமைக்காமல் பார்த்துவிட்டு, ரெண்டு கையும் இருக்கு என்று மட்டும் சொன்னாள். அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கையிருக்குல்ல, அது போதும் என்றார். அன்றைக்கு மேட்ச் தோற்று ஊரே உர்ரென்று கிடக்க, நம் வீட்டில் மட்டும் நெத்திலிக் குழம்பு.

அம்மா சொல்வது: கட்டை நனைக்காதே, அதைப் பிரிக்கும்வரை பெட்டி தூக்காதே, கை வலிக்க வலிக்க இனி எவன் கூப்பிட்டாலும் தட்டப் போகாதே, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. ஆண்டவர் உன் பத்து விரலையும் காத்துக்கொள்வாராக. அடுத்த கடிதம் கோணலாக இருந்தாலும் உன் கையால்தான் வரவேண்டும்.

இப்படிக்கு,
அம்மா, அப்பா

அம்மா கோழிக்குக் கம்பு போடப் போய்விட்டாள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். நீலக் கட்டம் நீ இல்லையாமே? சனிக்கிழமை வீட்டுக்கு வரும் வழியில் அம்மா, ஏலே, நீ காட்டுனது யாரு பெத்த புள்ளையோ, ஸ்டீபன் அவனுக்குப் பின்னால மூணாவது வரிசையில வெள்ளைத்துணி சுத்துன கையோட நிக்கான், விரல் அஞ்சும் வெளிய தெரியுது, எண்ணிட்டேன் என்றாள். அத்தனை பேர் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதென்றுதான் அங்கே அதைச் சொல்லவில்லையாம். இப்போது குடும்ப ஜெபத்தில் அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரனுக்கும் ஒரு பங்கு கிடைக்கிறது. எனக்கோ, அதற்கப்புறம் நாலு தடவை அந்த விளம்பரம் வந்தும், நீ எங்கே நிற்கிறாய் என்று இன்னும் தெரியவில்லை அண்ணே.

ஜோஸ்வா