மாஸ்கோ முகவரி

3 பிப்ரவரி 1992
புதிய நாட்டுக்குப் புதிய கால்பந்து லீக், தலைமையகம் கீவில். அதன் கீழ்ப் பிரிவில் சேர எங்கள் சர்க்கரை ஆலை அணியின் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இருபதாம் தேதி கடைசி. ரசீதை கேப்டன் லெவ்கோவிடம் ஆட்டிக் காட்டினேன். “ஃபெதிர் அண்ணே, உங்க கைராசிக்குக் கண்டிப்பா கெடைச்சிரும்” என்றான். இதை நம்பிப் போலந்துக் கட்டட வேலையை உதறியிருக்கிறான். முப்பத்திரண்டு வயது. இந்தப் பருவம் போனால் அவனுக்கு வேறு பருவம் கிடையாது.

14 பிப்ரவரி
பதில் இல்லை. பக்கத்து ஊர் அணிக்கு வந்துவிட்டது.

20 பிப்ரவரி
கோட்டுப் பையில் ரசீது அகப்பட்டது. பெறுநர்: கால்பந்து சம்மேளனம், மாஸ்கோ.

மாஸ்கோ! அணிச் செயலாளராகப் பதினெட்டு வருடம் எழுதிய முகவரி, கை தானாக எழுதியிருக்கிறது. டிசம்பரில் விடுதலைக்கு ஓட்டுப் போட்டதும் இதே கைதானே? ஐயோ, என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்!

கீவுக்குத் தொலைபேசி கிடைக்கவில்லை. ரயில் ஏறுகிறேன்.

21 பிப்ரவரி
“நேத்தோட முடிஞ்சுதுங்க. பட்டியல் அச்சுக்குப் போயிருச்சு” என்றார் கீவ் அலுவலகத்து எழுத்தர். கெஞ்சினேன். அழுதேன் என்றே எழுதலாம்.

22 பிப்ரவரி
தபாலில் தொலைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் நம்பினார்கள். லெவ்கோ பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். “ஸ்டேஷனுக்குத் தபால் பை தூக்கிட்டுப் போறது ஸ்தெஃபாதான? எங்க விட்டாளோ, பாவி” என்றான். நான் கோட்டுப் பையிலிருந்த ரசீதை இன்னும் ஆழமாகத் தள்ளினேன்.

3 மார்ச்
தபால்காரி ஸ்தெஃபா மைதானத்தைத் தாண்டும்போது பையன்கள் கத்துகிறார்கள். “அக்கா, எங்க லீக்க எந்தக் குட்டையில போட்டீங்க?” அவள் தலை நிமிராமல் போனாள். நான் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் மனுஷனா?

16 மார்ச்
கதவைத் தட்டியது ஸ்தெஃபா. கையில் என் உறை. ‘இந்த அலுவலகம் இப்போது இல்லை, திருப்பி அனுப்பவும்’ என்று மாஸ்கோ முத்திரை.

“உங்க கையெழுத்துதானுங்க?”

“ஆமாம்.”

“மூணு வாரமா அந்தப் பைய உதறி உதறிப் பாத்தேன். நெசமாவே நாந்தான் தொலைச்சேன்னு நெனச்சுட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

18 மார்ச்
பயிற்சிக்கு முன் உறையை எல்லோருக்கும் காட்டி உண்மையைச் சொன்னேன். லெவ்கோ முகவரியை வெகுநேரம் பார்த்தான். அடிப்பான் என்று நினைத்தேன்.

“அழகான கையெழுத்து அண்ணே.” அவ்வளவுதான்.

29 மார்ச்
லீக் தொடங்கிவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். அணைத்துவிட்டேன்.

லெவ்கோ காலையில் போலந்து பஸ் ஏறிவிட்டான். போவதற்கு முன் ஸ்தெஃபா வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டான். அவன் குரல் இங்கே கேட்டது. அடுத்த வீடு என்னுடையது. என் கதவை அவன் தட்டவில்லை.