அடுத்தவர் லேபிள்

கோவில்பட்டி,
புதன்கிழமை.

அன்புத் தங்கை பொன்மணிக்கு,

அண்ணன் ஆறுமுகசாமி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் காகிதம்.

உன் வாட்ஸ்அப் செய்தியை நாலு தரம் படித்தேன். பதிப்பகத்தார் பன்னிரண்டு புத்தகம் கேட்கிறார்களாம். விண்கலம், வேற்றுக்கிரகம் என்று சிறுபிள்ளைகளுக்கு நீ எழுத வேண்டுமாம். அட்டையில் மட்டும் உன் பேருக்குப் பதிலாக ‘விண்வெளி மாமா’ என்று போடுவார்களாம். மாமா சொன்னால்தான் பிள்ளைகள் அறிவியலை நம்புமாம். நீயும் சரி என்றுவிட்டாயாம். அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்தாம். எவ்வளவு தருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. வியாபாரி நானே கேட்கவில்லை என்றால் என் கோபத்தைத் தெரிந்துகொள்.

அடுத்தவர் லேபிளுக்குச் சரக்கு அடைத்தவன் நான். ஒன்பது வருஷம் என் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி என்னுடையது, மருந்து என்னுடையது, மேலே ஒட்டிய லேபிள் மட்டும் கழுகுமலைக்காரர் ஒருவருடையது. ஒரு நாள் அவர் லேபிளைத் தூக்கிக்கொண்டு வேறு ஆபீஸுக்குப் போய்விட்டார். அதே தீப்பெட்டியில் என் லேபிளை ஒட்டி மதுரையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒருவர் என் முன்னாலேயே உரசிப் பார்த்துவிட்டு, “குச்சி நல்லாத்தான் பத்துது அண்ணாச்சி, ஆனா ஒங்கள யாருக்குத் தெரியும்?” என்றார். நாளைக்கு அந்த மாமாவுக்கு வேறு ஆள் எழுதுவான். நீ எதைக் காட்டிப் பேசுவாய்?

உன் போன புத்தகத்தில், புதூர்க் கரிசல் வெடிப்பில் கால் மாட்டிக்கொண்ட விண்கலத்தை, ஆடு மேய்க்கிற பிள்ளை கடப்பாரையால் நெம்பி எடுத்தாளே, அது எந்த மாமாவுக்குத் தோன்றும்? பெட்டி அடைக்கிற முத்துத்தாய் சாப்பாட்டு நேரத்தில் அதைத்தான் சத்தமாக வாசிக்கிறாள். நேற்று கேட்டாள்: “பொன்மணி அக்கா அடுத்த புத்தகம் எப்ப அண்ணாச்சி வருது? அந்தப் பிள்ள கலத்துல ஏறுதாளா இல்லியா?” எழுந்து போய் இந்தக் காகிதத்தை வாங்கி வந்தேன்.

எல்லாவற்றையும்விட என்னைச் சுட்டது உன் செய்தியின் கடைசி வரி. “பேரு போடாட்டா என்னன்னு நீதானே அண்ணே அன்னைக்குச் சொன்ன” என்று எழுதியிருக்கிறாய்.

சொன்னேன். உன் முதல் புத்தகம் வரும்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். “ஏட்டி, கிரகம் கலம்னு எழுதுதவள எவன் கட்டுவான், பேர எடுத்துரு” என்றேன். வெறும் ‘மணி’ என்று அச்சானது. வாசகர் கடிதமெல்லாம் ‘மணி சார்’ என்றே வந்தது. மூன்றாவது புத்தகத்துக்கு நீ என்னோடு சண்டை போட்டு முழுப் பேரையும் போட்டாய். நான் ஒரு மாசம் உன்னிடம் பேசவில்லை. உன் பக்கம்தான் நியாயம் என்று இத்தனை வருஷத்தில் ஒரு தரமாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை போ. பன்னிரண்டும் எழுதித் தருகிறேன் என்று சொல். உன் முழுப் பேர் போட்ட பழைய புத்தகத்தின் அட்டையை எடுத்து முன்னால் வை, இந்தப் பேர்தான் வர வேண்டும் என்று கேள். அன்றைக்கு என்னிடம் போட்ட சண்டையில் பாதியை அவர்களிடம் போடு, போதும்.

நல்லா இரு தாயி. உன் பேரோடு இரு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் அடங்காத அண்ணன்,
ஆறுமுகசாமி