ஞாபக மாத்திரை விளம்பரம்

மார்ச் 4

அன்புள்ள கண்ணு,

முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். யார் காதுக்குப் போகுமோ என்றுதான் கடுதாசி.

உன் கம்பெனி ஆராய்ச்சிக்காக ஞாயிறுதோறும் உன்னோடு போனில் கதை பேசினேனே. பேச்சைக் கேட்டே மறதி நோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் கருவி என்றாய். டாக்டருக்கே டாக்டர் என் பேத்தி என்று பீற்றிக்கொண்டேன். இப்போது என்னடாவென்றால், போனைத் திறந்தால் ஞாபக மாத்திரை விளம்பரம். மூடித் திறந்தால் முதியோர் இல்லம், தோட்டத்தோடு. எதிர்வீட்டுக்காரி என்னைவிட மூத்தவள். அவள் போனில் செருப்பும் குடையும்தான் வருகிறது. "உனக்கு மட்டும் ஏண்டி மாத்திரை காட்டுது?" என்கிறாள்.

நீயும் போன வாரம், "நேத்து என்ன சமைச்சே, யார் வந்தாங்க" என்று துருவித் துருவிக் கேட்டாய். நீ சமையல் விசாரிக்கிற பெண்ணா? மறைக்காமல் எழுது.

உன் பாட்டி

மார்ச் 15

அன்புள்ள பாட்டி,

விளம்பரம் எல்லாருக்கும்தான் வரும். ஆராய்ச்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒரு டாக்டரிடம் உனக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். சும்மா பார்த்துவிட்டு வா.

உன் வாயாடி

மார்ச் 23

கண்ணு,

சும்மா பார்க்க யாராவது டாக்டரிடம் போவார்களா? வாயாடி நாலு வரியில் முடிக்கிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள்தான். ஆனாலும் பொய் சொல்லும்போது உன் எழுத்து பொடியாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். என் பேச்சை உன் கம்பெனி என்ன செய்தது?

பாட்டி

ஏப்ரல் 2

பாட்டி,

ஆராய்ச்சியால் லாபமில்லை, இழுத்து மூடப்போகிறோம் என்றார்கள். யாருக்கு நோய் என்று கருவி கண்டதைக் கம்பெனியின் விளம்பரப் பிரிவுக்குக் கொடுத்தால் தொடரலாம் என்றார்கள். எங்கள் ஆராய்ச்சிக் குழுத் தலைவர் முடியாது என்று வேலையை விட்டுப் போனார். நான் சம்மதித்தேன். கருவி எப்படியாவது நோயாளிகளுக்குப் போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன்.

உன் பேச்சைக் கருவி சோதித்த முடிவு டிசம்பரிலேயே வந்துவிட்டது. மறதி நோய்தான், ஆரம்பக் கட்டம். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ளாதே பாட்டி.

உன் பேத்தி

ஏப்ரல் 20

பேத்திக்கு,

டாக்டரிடம் போய்வந்தேன். நோய் வந்தால் வரட்டும், வயது அப்படி. டிசம்பரில் நீ இங்கே வந்தபோது என் பக்கத்தில்தான் படுத்திருந்தாய். அப்போதே உனக்குத் தெரியும். பிறகு மாத்திரை விற்கிறவனுக்கும் தெரிந்தது. எனக்குத்தான் கடைசியில்.

உன்னை யாராவது விசாரித்தால் நன்றாக இருக்கிறாள் என்கிறேன். எங்கே, என்ன வேலை என்று கேட்டால், மறந்துவிட்டது என்று சொல்லிவிடுகிறேன்.

பாட்டி